மூன்று மில்லிமீட்டரில் ஒரு முனைவர் பட்டம்

செருப்போடு வந்தால் உள்ளே விடமாட்டார்கள். ஷூ மாட்டிக்கொண்டு வாருங்கள்! சென்னையில் ஓர் உடலியங்கியல் ஆய்வகம். 'அனுமதி இல்லை' என்று எழுதிய கதவைத் தாண்டி, பிஎச்.டி. மாணவர்களோடு நாள் முழுக்கச் சுற்றக் கிடைத்த வாய்ப்பை நான் மட்டும் அனுபவித்தால் எப்படி?

முதலில் மேஜையைப் பாருங்கள். தெர்மாகோல் ஐஸ் பெட்டி, மார்க்கரில் தேதி கிறுக்கிய குட்டிக் குட்டிக் குப்பிகள், பாதி எழுதிய நோட்டு. ஃபிரீசரில் ஒரு சீட்டு: 'இது என் பெட்டி. தொட்டால் உன் வைவாவுக்கு வந்து கேள்வி கேட்பேன்!' காலண்டரில் சிவப்பு வட்டம் போட்டிருப்பது டிசி, அதாவது டாக்டரல் கமிட்டி மீட்டிங். அந்தத் தேதியைச் சொன்னாலே எல்லோரும் எச்சில் விழுங்குகிறார்கள்.

அடுத்து எலிக்கூடம். பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம் இருட்டு என்று இங்கே பகலும் இரவும் டைமர் கையில். வெள்ளை வெளேரென்று விஸ்டார் எலிகள். எடை பார்க்கும் சீனியர் அக்கா ஒவ்வொன்றிடமும், "இருடா ராஜா, முடிஞ்சிடுச்சு" என்கிறார். நெறிமுறைக் குழு ஒப்புதல் தராமல் ஒன்றையும் தொட முடியாது. "ஒரு எலிகூட வீணாகக் கூடாதுங்க" என்று அவர் சொன்னபோது குரலில் சிரிப்பே இல்லை.

இனிதான் இன்றைய காட்சி! எலியின் மகாதமனியிலிருந்து நறுக்கிய, மூன்று மில்லிமீட்டர்கூடத் தேறாத வளையம். அதை மெல்லிய கம்பிக் கொக்கியில் கோக்க வேண்டும். உள்படலம் உரசினால் அன்றைய உழைப்பு காலி. ஏ.சி. ஓடுகிறது, கோக்கிற தம்பியின் நெற்றியிலோ வியர்வை. யாரும் மூச்சு விடவில்லை. கோத்தாயிற்று! 37 டிகிரி வெப்பத்தில், ஆக்சிஜன் குமிழியிடும் கிரெப்ஸ் என்ற உப்புக் கரைசலில் வளையம் இறங்குகிறது.

பிறகு காத்திருப்பு. ஒரு மணி நேரம், கால் மணிக்கொரு முறை கரைசலை மாற்றிக்கொண்டு. ஒருவர் காவல் நிற்க, மற்றவர்கள் டீக்கடைக்கு. "கல்யாண வீட்டுக்குப் போனா 'எப்பம்மா முடிப்ப?'ன்னு மணமக்களை விட்டுட்டு என்னைக் கேக்கறாங்க" என்று ஒருவர் சொல்ல, கடையே சிரிக்கிறது.

திரும்பி வந்து நார்அட்ரினலின் ஒரு சொட்டு. வளையம் இறுகுகிறது, கணினியில் கோடு ஏறுகிறது. அடுத்து அசிடைல்கோலின். "இறங்குதுடா!" உள்படலம் பிழைத்திருக்கிறது! ரத்தக்குழாய் இப்படித் தளர அந்தப் படலம்தான் காரணம் என்று விஞ்ஞானி ஃபர்ச்காட் 1980-இல் காட்டினார். அந்தத் தடத்தில் நைட்ரிக் ஆக்சைடின் வேலை வெளிப்பட, 1998-இல் இருவரோடு சேர்ந்து நோபல் பெற்றார். அதே கோடு நம் கண்ணெதிரே இறங்கும்போது கைதட்டாமல் இருக்க முடியவில்லை.

இந்தக் கூட்டத்தில் சேர எம்.பி.பி.எஸ். கட்டாயமில்லை. இங்கிருப்பவர்களில் பலர் எம்.எஸ்சி. உயிரியல் பிரிவுகளில் படித்து வந்தவர்கள். சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால், 2023-இல் உயர்த்திய கணக்கில் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. பணம் சில சமயம் பிந்தும் என்பதையும் டீக்கடையில் ஒளிக்காமல் சொன்னார்கள். தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம், வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் என்று கதவுகள் பக்கத்திலேயே இருக்கின்றன.

விண்ணப்பிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். பிடித்த ஆய்வகத்தின் கைடுக்கு எழுதி, ஒரு நாள் வந்து பார்க்க அனுமதி கேளுங்கள். உள்ளே போனதும் சீனியர்களோடு டீ குடியுங்கள். எந்தக் கையேட்டிலும் இல்லாத பதில்கள் அங்கே கிடைக்கும்!