காலிப் பட்டியல் வழியே ரூட் அதிகாரம்

லினக்ஸ் இயங்குதளத்தின் பெரும்பாலான பதிப்புகளோடு சேர்ந்தே வரும் பிகேஎக்செக் என்ற சிறு நிரலில் கடுமையான பாதுகாப்புக் குறை ஒன்று இருப்பதை, குவாலிஸ் என்னும் அமெரிக்கக் கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2022 ஜனவரி 25 அன்று வெளியிட்டனர். சிவிஇ-2021-4034 என்ற பதிவெண்ணும் ‘ப்வன்கிட்’ என்ற பெயரும் பெற்ற அந்தக் குறை, 2009 மே மாதத்தில் எழுதப்பட்ட முதல் பதிப்பிலிருந்தே அந்த நிரலில் இருந்து வந்தது. உபுண்டு, டெபியன், ஃபெடோரா, சென்ட்ஓஎஸ் ஆகிய நான்கையும் நிறுவியவுடன் இருக்கும் நிலையிலேயே ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தபோது, எந்தச் சிறப்பு அனுமதியும் இல்லாத சாதாரணப் பயனர் ஒருவர் அவை ஒவ்வொன்றிலும் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடிந்தது.

முழு அதிகாரம் என்பதன் பொருளை உணர, லினக்ஸ் தன் பயனர்களை எப்படிப் பிரித்து வைத்திருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பயனருக்கும் தன் கோப்புகள் மீது மட்டுமே உரிமை உண்டு. பிறர் கோப்புகளையோ இயங்குதளத்தின் அமைப்புகளையோ அனுமதியின்றி அவர் தொட முடியாது. இந்தத் தடைகள் எதற்கும் கட்டுப்படாத ஒரே கணக்கு ‘ரூட்’ எனப்படும் தலைமைக் கணக்கு. கணினிக்குள் ஏற்கெனவே சாதாரண நிலையில் இருக்கும் ஒருவர் முறையற்ற வழியில் ரூட் நிலைக்கு ஏறிவிடுவதைப் பாதுகாப்புத் துறையில் ‘உள்ளக உரிமை உயர்வு’ என்கிறார்கள். வெளியிலிருந்து வலைப்பின்னல் வழியே நேராக உள்ளே நுழைய உதவாது என்பதால் இத்தகைய குறைகளைச் சிலர் குறைத்து மதிப்பிடுவதுண்டு; அது தவறான கணக்கு. ஒரு வலைத்தளத்தின் சிறு ஓட்டை வழியே நுழைபவருக்கு முதலில் கிடைப்பது மிகக் குறைந்த உரிமையுள்ள கணக்குதான் என்பதால், அவர் கணினி முழுவதையும் தன்வசப்படுத்த இரண்டாவதாகத் தேடுவது இப்படிப்பட்ட ஏணியையே.

சாதாரணப் பயனருக்கும் சில வேளைகளில் ரூட்டின் உதவி முறையாகவே தேவைப்படுகிறது. கடவுச்சொற்கள் பதிந்திருக்கும் கோப்பை ரூட் மட்டுமே திருத்தலாம் என்றாலும், தன் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் இருந்தாக வேண்டும். இந்தச் சிக்கலுக்கு யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி கண்ட தீர்வுதான் ‘செட்-யூஐடி’. குறிப்பிட்ட சில நிரல்களின் மீது ஒரு குறியை இட்டுவிட்டால், அவற்றை யார் இயக்கினாலும் இயக்கியவரின் உரிமையோடு அல்லாமல் நிரலின் உரிமையாளரான ரூட்டின் உரிமையோடு அவை இயங்கும். 1973-இல் விண்ணப்பிக்கப்பட்டு 1979-இல் காப்புரிமை வழங்கப்பட்ட இந்த ஏற்பாடு, அரை நூற்றாண்டு கடந்தும் யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் புழக்கத்தில் இருக்கிறது. அத்தகைய நிரல் சிறிதளவு தடுமாறினாலும், அது தடுமாறுவது ரூட்டின் கையைக் கொண்டுதான் என்பதே இதில் அடங்கியுள்ள அபாயம். பிகேஎக்செக்கும் இந்தக் குறி இடப்பட்ட நிரல்தான். ஒரு பயனர் கேட்கும் கட்டளையைப் பிறர் அதிகாரத்தில் இயக்க அனுமதிக்கலாமா என்று போல்கிட் என்ற அனுமதி அமைப்பிடம் கேட்டு, இசைவு கிடைத்தால் மட்டுமே அதை இயக்குவது அதன் பணி.

பிகேஎக்செக் எழுதப்பட்ட சி மொழியையும் ரிட்சிதான் வடிவமைத்தார். சி மொழி விரைவானது, வன்பொருளுக்கு நெருக்கமானது. ஆனால் நினைவகத்தைக் கையாளும் பொறுப்பு முழுவதையும் அது நிரலாளரிடமே விட்டுவிடுகிறது. ஐந்து இடங்கள் உள்ள பட்டியலில் ஆறாவது இடத்தைப் படிக்கச் சொன்னால், அப்படி ஓர் இடம் உண்டா என்று அது சரிபார்ப்பதில்லை. பட்டியல் முடிந்த பிறகு நினைவகத்தில் அடுத்ததாக எது இருக்கிறதோ அதையே ஆறாவது இடமாகக் கொண்டு படித்துத் தந்துவிடும், எழுதச் சொன்னால் அதன்மீதே எழுதியும்விடும். எல்லை தாண்டிய இத்தகைய படிப்பும் எழுத்தும், விடுவித்துவிட்ட நினைவகத்தை மறுபடி பயன்படுத்துவதும், இவை போன்ற பிறவும் சேர்ந்து ‘நினைவகப் பாதுகாப்புக் குறைகள்’ எனப்படுகின்றன.

லினக்ஸில் ஒரு நிரல் தொடங்கும்போது கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, அதனிடம் இரண்டு பட்டியல்களை ஒப்படைக்கிறது. முதலாவது, கட்டளையோடு தரப்பட்ட சொற்களின் பட்டியல். இரண்டாவது, சூழல் மாறிகள் எனப்படும் அமைப்புகளின் பட்டியல். செய்திகளை எந்த மொழியில் காட்டுவது, பிற நிரல்களை எந்தக் கோப்புறைகளில் தேடுவது போன்றவற்றை இது சொல்லும். நினைவகத்தில் இவ்விரண்டும் அடுத்தடுத்தே வைக்கப்படுகின்றன. முதல் பட்டியலின் இட எண்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்குகின்றன. பூஜ்ய இடத்தில் நிரலின் சொந்தப் பெயர் இருப்பது மரபு என்பதால், உண்மையான உள்ளீடுகளை ஒன்றாம் இடத்திலிருந்து தேடுவதே நிரலாளர்களின் வழக்கம். ஆனால் அந்த மரபைக் கட்டாயமாக்கும் விதி எதுவும் இல்லை. சொற்களின் எண்ணிக்கை எதிர்ம எண்ணாக இருக்கக் கூடாது என்று மட்டுமே சி மொழியின் தரவிதி சொல்கிறது. பூஜ்யமாக இருப்பதை அது தடுக்கவில்லை. ஒருவர் மெனக்கெட்டு, ஒரு சொல்கூட இல்லாத காலிப் பட்டியலோடு ஒரு நிரலைத் தொடங்கச் சொன்னால், அன்றைய லினக்ஸ் மறுப்பின்றித் தொடங்கிவைத்தது.

பிகேஎக்செக் சறுக்கியது இங்கேதான். ஒன்றாம் இடத்திலிருந்து தேடத் தொடங்கும் அதன் சுற்று, பட்டியல் காலியாக இருந்தால் ஒருமுறைகூட ஓடாமல் நின்றுவிடும். ஆனால் இட எண் ஒன்று என்றே நிலைத்திருக்கும். அடுத்த வரி, இயக்க வேண்டிய நிரலின் பெயர் அங்கே இருப்பதாக எண்ணி ஒன்றாம் இடத்தைப் படிக்கும். காலிப் பட்டியலின் பூஜ்ய இடத்தில் முடிவுக் குறி மட்டுமே இருக்க, ஒன்றாம் இடம் என்பது உண்மையில் இரண்டாவது பட்டியலின் முதல் இடம், அதாவது தாக்குபவர் தானே எழுதி வைத்த முதல் சூழல் மாறி. அதை ஒரு நிரலின் பெயராகக் கருதிக் கோப்புறைகளில் தேடும் பிகேஎக்செக், கிடைத்த முழு முகவரியை அதே இடத்தில் திரும்ப எழுதி வைக்கிறது. கோப்புறைக்கும் கோப்புக்கும் தந்திரமாகப் பெயர் சூட்டி வைத்திருந்தால், அப்படி எழுதப்படும் முகவரியே புதியதொரு சூழல் மாறியாக உருவெடுத்துவிடும்.

ஒரே ஒரு மாறி நுழைவதால் என்ன நேர்ந்துவிடும் என்ற ஐயத்துக்கு விடை அடுத்த கட்டத்தில் இருக்கிறது. செட்-யூஐடி குறியுள்ள நிரல் தொடங்கும் முன்பே, ஆபத்தான சூழல் மாறிகளை எல்லாம் களைந்துவிடும் காவல் ஏற்பாடு லினக்ஸில் உண்டு. பிகேஎக்செக் செய்ததோ, அந்தக் காவல் முடிந்த பிறகு, களையப்பட்ட ஒன்றைத் தன் கையாலேயே மீண்டும் உள்ளே எழுதி வைத்தது. குவாலிஸ் ஆய்வாளர்கள் இதற்குத் தேர்ந்தெடுத்த மாறி, எழுத்துக் குறியேற்ற மாற்றத்துக்கான துணை நூலகங்கள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் ஒன்று. பிகேஎக்செக் தன் சூழல் மாறிகள் முழுவதையும் சற்று நேரத்தில் அழித்துவிடும் என்றாலும், அதற்கு முன் வேறொரு மாறியில் பொருந்தாத மதிப்பைக் கண்டால் பிழைச்செய்தி ஒன்றை அச்சிடும். அச்செய்தியை யூனிகோட் அல்லாத குறியேற்றத்தில் காட்டும்படி கேட்டிருந்தால், மாற்றித் தரும் நூலகத்தைத் தேடி அது தாக்குபவர் சுட்டிய கோப்புறைக்கே போகும். அங்கே காத்திருக்கும் தாக்குபவரின் நிரல் ரூட்டின் அதிகாரத்தோடு இயங்கிவிடுகிறது. ஒரு பிழைச்செய்தியை அச்சிடும் எளிய பணிக்குள் இவ்வளவும் நடந்து முடிகிறது. நினைவக முகவரிகளைக் கலைத்துப்போட்டுத் தாக்குபவரைத் திணறடிக்கும் நவீனத் தடுப்புகள் இங்கே பயன்படவில்லை, ஏனெனில் இந்த வழியில் எந்த முகவரியையும் ஊகிக்க வேண்டிய தேவையே எழவில்லை.

இந்த வரலாற்றில் மிகவும் வருந்தத்தக்கது குறையின் வயது அன்று, காதில் விழாமல் போன எச்சரிக்கைகளே. காலிப் பட்டியலை அனுமதிப்பது சரியன்று என்ற கருத்து 2008-ஆம் ஆண்டிலேயே, அதாவது பிகேஎக்செக் பிறப்பதற்கு முன்பே, லினக்ஸ் கெர்னலை உருவாக்குபவர்களிடம் முன்வைக்கப்பட்டது; கருத்தொற்றுமை ஏற்படாததால் அது அப்படியே நின்றுபோனது. 2013-இல் ஒரு நிரலாளர், காலிப் பட்டியல் தரப்பட்டால் பிகேஎக்செக் எல்லை தாண்டிப் படிக்கிறது என்பதையே கண்டறிந்து எழுதினார். ஆனால் அதைத் தாக்குதலாக மாற்றும் வழி அவருக்குப் புலப்படாததால் விஷயம் அத்தோடு நின்றது. இதற்கிடையே ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தின் கெர்னல் காலிப் பட்டியலோடு எந்த நிரலையும் தொடங்க மறுத்ததால், அங்கே இந்தத் தாக்குதலுக்கு இடமே இல்லாமல் போனது. எல்லை தாண்டல் நிகழ்கிறது என்று தெரிந்த பிறகும், அதனால் தீங்கு விளையும் என்று ஒருவர் மெய்ப்பித்துக் காட்டும் வரை காத்திருக்கும் மனப்பான்மை இத்துறையில் நெடுநாள் வேரூன்றியிருக்கிறது. தாக்கும் வழி தெரியவில்லை என்பது அப்படியொரு வழி இல்லை என்பதற்குச் சான்றாகாது. அந்த வழியை முதலில் கண்டுபிடிப்பவர் நல்லவராக இருப்பார் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது.

2021 நவம்பரில் குவாலிஸ் இந்தக் குறையை லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட்டுக்கு மறைவாகத் தெரிவிக்க, திருத்தம் ஆயத்தமான பிறகே இரு மாதங்கள் கழித்து விவரங்கள் வெளியாயின. திருத்தம் மிகச் சிறியது: பட்டியல் காலியாக இருந்தால் மேலே செல்லாமல் வெளியேற வேண்டும் என்ற சில வரிகள். திருத்தத்தை உடனே நிறுவ முடியாதவர்களுக்கு, பிகேஎக்செக்கின் மீதுள்ள செட்-யூஐடி குறியை நீக்கிவிடும் தற்காலிக வழியும் சொல்லப்பட்டது. விவரங்கள் வெளியான சில மணி நேரத்திலேயே தாக்குதல் நிரல்கள் பொதுவெளியில் உலவத் தொடங்கின. 2022 ஜூனில், நடைமுறையில் தாக்குதலுக்குப் பயன்படும் குறைகளின் பட்டியலில் இதையும் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமையான சிசா சேர்த்தது. 2008-இல் எட்டப்படாத உடன்பாடு பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் எட்டப்பட்டது: 2022 மே மாதம் வெளியான லினக்ஸ் 5.18 கெர்னல், காலிப் பட்டியலோடு ஒரு நிரலைத் தொடங்கக் கேட்டால், வெற்றுச் சொல் ஒன்றைத் தானே பட்டியலில் இட்டு அதைக் காலியற்றதாக்கிவிடுகிறது.

ப்வன்கிட் வெளியாவதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன், 2021 ஜனவரியில், சூடோ என்ற மற்றொரு செட்-யூஐடி நிரலிலும் ஏறத்தாழ பத்து ஆண்டு வயதுள்ள நினைவகக் குறை ஒன்றைக் குவாலிஸ் வெளியிட்டிருந்தது. கவனக்குறைவான நிரலாளர்களின் தவறு என்று இவற்றைத் தள்ளிவிட முடியாது. தாங்கள் ஆண்டுதோறும் பதிவெண் வழங்கும் குறைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகம் சார்ந்தவை என்று 2019-இல் மைக்ரோசாஃப்ட் கூறியது. தேர்ந்த பொறியாளர்களும் வலுவான சோதனைக் கருவிகளும் உள்ள இடத்திலேயே நிலை இதுதான் என்றால், மனிதக் கவனத்தை மட்டும் நம்பிச் சி மொழியில் எழுதுவது இனியும் போதாது. 2015-இல் முதல் நிலைத்த பதிப்பு வெளிவந்த ரஸ்ட் மொழியில், பட்டியலில் இல்லாத இடத்தைக் கேட்டால் ‘அங்கே ஒன்றும் இல்லை’ என்ற விடை வரும், அல்லது நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பக்கத்தில் இருப்பதை எடுத்துத் தருவது என்பது அதன் இயல்பான வழக்கில் இல்லை. புதிய பகுதிகளை இத்தகைய மொழிகளில் எழுதத் தொடங்கிய ஆண்ட்ராய்டில், நினைவகக் குறைகளின் பங்கு 2019-இல் 76 விழுக்காடாக இருந்து 2024-இல் 24 விழுக்காடாகக் குறைந்தது.

கோடிக்கணக்கான வரிகள் கொண்ட கெர்னல் முழுவதையும் திரும்ப எழுதுவது நடக்கக்கூடியதன்று. ஆனால் செட்-யூஐடி நிரல்கள் அளவில் சிறியவை, அதிகாரத்தில் பெரியவை என்பதால், எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு அவைதாம் சரியான விடை. உபுண்டு 2025 அக்டோபரில் வெளியிட்ட 25.10 பதிப்பில், சி மொழியில் எழுதப்பட்ட பழைய சூடோவின் இடத்தில் ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட சூடோவை இயல்பு அமைப்பாக ஆக்கியது. லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டியின், 2024-இல் வெளியான 256-ஆம் பதிப்பு இதைவிட ஒரு படி மேலே சென்று, செட்-யூஐடி குறியே தேவைப்படாத ரன்0 என்ற கட்டளையைத் தந்தது. அதில் பயனர் இயக்கும் நிரல் பயனரின் உரிமையோடு மட்டுமே நிற்கிறது. கேட்கப்பட்ட பணியை, ரூட் அதிகாரத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சேவை மேலாளர் புதிதாகத் தொடங்கிவைக்கிறது. கேட்டவரின் சூழல் மாறிகள் பொதுவாகத் தாமாக அந்தப் புதிய பணிக்குள் வந்து சேர்வதில்லை.