ஒரு ஸ்கேனர், நான்கு கணனிகள்

அலுவலகத்தில் நான்கு கணனிகள் இருந்தாலும் ஸ்கேனர் பெரும்பாலும் ஒன்றுதான். காணி உறுதியுடன் ஒருவர் வந்துவிட்டால், ஸ்கேனர் பொருத்திய கணனியில் இருப்பவர் எழும்பி இடம்விட வேண்டும். லினக்ஸ் கணனிகளாயின் இதற்குச் செலவில்லாத வழியுண்டு. 'சேன்' என்ற ஸ்கேனர் மென்பொருளுக்குச் 'சேன்டி' என்றொரு பின்னணிச் சேவை இருக்கிறது. அது 6566ஆம் இலக்கப் போர்ட்டில் மற்றக் கணனிகளின் அழைப்பை ஏற்கும்.

ஸ்கேனர் உள்ள கணனியில், சேன்டியின் அமைப்புக் கோப்பிலே அனுமதி பெறும் கணனிகளின் முகவரிகளை வரிக்கொன்றாக எழுதுகிறோம். மற்றவற்றில், சேனின் வலையமைப்புக் கோப்பிலே ஸ்கேனர் உள்ள கணனியின் முகவரியை எழுதுகிறோம். பின்னர் சேவையை இயக்கலாம்.

இதன் பிறகுதான் பலர் இடறுகின்றனர். அதே கணனியில் ஸ்கேனர் ஒழுங்காக வேலை செய்யும். அடுத்த அறையிலிருந்து தேடினால் தென்படாது. கம்பியையும் முகவரியையும் மாற்றி மாற்றிப் பார்ப்போம். குறை அங்கில்லாமல் இருக்கலாம். சேவை எமது பெயரில் ஓடுவதில்லை; அதற்கெனத் தனிப் பயனர் கணக்குண்டு. டெபியனில் அக்கணக்கின் பெயரும் சேன்டிதான். அதற்கு ஸ்கேனரைத் தொட உரிமையில்லாவிடில், அதனை 'ஸ்கேனர்' குழுவில் சேர்க்க வேண்டும். அவசரத்தில் சேவைக்கு 'ரூட்' அதிகாரம் கொடுப்போரும் உளர். வேண்டாம், வெளியார் கதவைத் தட்டும் இடத்தில் நிற்பவனிடம் வீட்டுச் சாவிகள் அத்தனையும் எதற்கு?

அனுமதிப் பட்டியலில் ஒரு கூட்டல் அடையாளம் இட்டால் எந்தக் கணனியும் உள்ளே வரலாம். இலகுதான். ஆனால் ஸ்கேனரில் வைத்த உறுதி மறைகுறியின்றியே வலையமைப்பில் செல்கிறது. அது எமதல்ல, எம்மை நம்பித் தந்தவருடையது. ஆகவே எமது கணனிகளின் முகவரிகளை மட்டுமே எழுதுவோம். இணையத்துக்கு இச்சேவையைத் திறவோம்.

தீச்சுவர் இருப்பின் 6566 மட்டும் போதாது. படம் வேறொரு போர்ட்டினால் வருகிறது. அதற்குரிய இலக்க வரம்பையும் அமைப்புக் கோப்பிலேயே குறித்து, தீச்சுவரிலும் திறந்துவிட வேண்டும்.