உங்களுக்குத் தெரியுமா? பகாவில் ஒரு 'புது உலகம்'

பதின்வயதினரைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்துச் சாவு விளையாட்டுக்கு அனுப்பும் 'ஹங்கர் கேம்ஸ்' (2008) இளையோரிடையே பிரபலம். அதற்கு வெகுமுன்பே, 1980களில், ஆனந்த விகடனில் எழுத்தாளர் சுஜாதா 'என் இனிய இயந்திரா' நாவலை எழுதிவிட்டார். அதில் ஜீவா என்பவரின் சர்வாதிகார ஆட்சி. பெயர்களுக்கு இரண்டே எழுத்து: நிலா, சிபி, ரவி, மனோ. பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டும்! பதினைந்து வயதுப் பிள்ளைக்கு முதலில் எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது என்று கேட்டால், தயங்காமல் இதைச் சொல்வேன்.

மலேசியாவில் நெகிரி செம்பிலானின் பகாவ், கொடுங்கோல் ஆட்சியின்கீழ் இப்படியொரு 'புது உலகத்தை' நிஜமாகவே கண்ட ஊர். ஜப்பானியர் ஆட்சியில் சிங்கப்பூரில் உணவுப் பஞ்சம். 1943 இறுதியிலிருந்து அங்கிருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் இங்கே குடியேற்றப்பட்டன. காட்டை வெட்டி, தாங்களே பயிரிட்டு வாழும் புதிய குடியிருப்பு என்பது வாக்குறுதி. நகரத்தில் எழுத்து வேலை பார்த்தவர்கள் சங்கூல் (மண்வெட்டி) பிடித்து மண் கொத்தினார்கள். விளைச்சல் போதவில்லை, மலேரியா நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டது. தலைமை தாங்கிய ஆயர் தெவால்ஸ், சங்கூல் வெட்டிய காயத்தில் இரணஜன்னி கண்டு 1945 ஜனவரியில் இறந்தார்.

அதே ஜப்பானியர் ஆட்சியில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில்பாதைக்கு அள்ளிச் செல்லப்பட்டார்கள். அந்தக் கொடுமையை ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' நாவலாகவும், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' நாவலாகவும் எழுதியிருக்கிறார்கள். சுஜாதாவை முடித்த கையோடு எடுக்க வேண்டிய புத்தகங்கள் இவை.