சாட்சியின் நினைவு: மூன்றாம் நாள் வத்தக்குழம்பு

வத்தக்குழம்பை மூன்றாம் நாளும் சூடு பண்ணிச் சாப்பிடுகிற வீடுகள் உண்டு. தண்ணீர் சுண்டி, புளிப்பும் உப்பும் ஏறி, எண்ணெய் மேலே மிதக்கும். ருசி என்னவோ கூடித்தான் இருக்கும். ஆனால் முதல் நாள் அதில் உப்பு சரியாக இருந்ததா என்று இப்போது நாக்கில் வைத்துச் சொல்ல முடியாது. கண்ணால் கண்ட சாட்சியின் நினைவும் இப்படித்தான் இயங்குகிறது.

1986 பிப்ரவரி 28 இரவு, ஸ்டாக்ஹோமில் ஸ்வீடன் பிரதமர் ஓலோஃப் பால்மே மனைவி லிஸ்பெத்துடன் சினிமா பார்த்துவிட்டு நடந்து வந்தார். கூடப் பாதுகாவலர் யாரும் இல்லை. பின்னாலிருந்து ஒருவன் சுட்டான். பால்மே இறந்தார், இன்னொரு குண்டு லிஸ்பெத்தை உரசிப் போனது. கொலையாளியை அவர் பார்த்தது சில நொடிகள்தான், அதுவும் கணவர் காலடியில் கிடக்கும்போது. சட்டியில் முதலில் விழுந்த சரக்கு அவ்வளவே.

அதற்கப்புறம் எத்தனை முறை அடுப்பில் ஏறியிருக்கும்! விசாரணை, பத்திரிகை, உறவினர், தூக்கம் வராத இரவுகள். ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மூளை அந்தக் காட்சியை மறுபடி கூட்டித்தான் எடுக்கிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் கரண்டியில் இருப்பதும் உள்ளே போய்விடும். உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1974-இல் இதைச் சோதித்துக் காட்டினார். கார் விபத்துப் படம் ஒன்றைப் போட்டுவிட்டு, சிலரிடம் கார்கள் ‘இடித்தபோது’ என்ன வேகம் என்றும், சிலரிடம் ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்றும் கேட்டார். ஒரு வாரம் கழித்து, கண்ணாடி உடைந்ததைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு ‘நொறுங்கிய’ கூட்டத்தில் 50 பேரில் 16 பேர் ஆமாம் என்றார்கள். ‘இடித்த’ கூட்டத்தில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது.

பால்மே வழக்கில் அடையாள அணிவகுப்பு நடந்தது 1988 டிசம்பரில். சந்தேகத்துக்குரியவர் குடிப்பழக்கம் உள்ளவர் என்பது லிஸ்பெத்தின் காதுக்கு முன்பே போயிருந்தது. அணிவகுப்பின் வீடியோவைப் பார்த்ததும், குடிகாரர் யாரென்று பார்த்தாலே தெரிகிறது என்ற பொருளில் ஏதோ சொன்னார். பிறகு அந்தச் சந்தேக நபரான கிறிஸ்டர் பெட்டர்சனைக் காட்டினார். லிஸ்பெத் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. சிக்கலே அங்கேதான். பொய் என்றால் குறுக்கு விசாரணையில் உடைக்கலாம். மனதார நம்பிச் சொல்பவரை எப்படி உடைப்பது?

1989 ஜூலையில் கீழ் நீதிமன்றம் பெட்டர்சனுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அந்த அமர்வில் சட்டம் படித்த இரண்டு நீதிபதிகளும் விடுதலை என்றார்கள். சாதாரணக் குடிமக்களாக வந்து உட்கார்ந்த ஆறு பேரும் குற்றவாளி என்றார்கள். அதே ஆண்டு மேல்முறையீட்டில் பெட்டர்சன் விடுதலையானார். துப்பாக்கி கிடைக்கவில்லை, அடையாளம் காட்டிய விதமும் நிற்கவில்லை. என் கணக்கில் அது சரியான தீர்ப்பு.

சாட்சியின் நினைவு இப்படிக் கலங்குவதற்குப் பரிகாரம் இருக்கிறது, செலவும் பெரிதில்லை. அணிவகுப்பு நடத்தும் அதிகாரிக்கே சந்தேக நபர் யாரென்று தெரிந்திருக்கக் கூடாது. சாட்சி கை காட்டிய அந்த நிமிடமே, எவ்வளவு உறுதி என்று அவர் சொல்லும் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ள வேண்டும், யாராவது ‘சரியான ஆளைத்தான் காட்டினீர்கள்’ என்று சொல்வதற்குள்.