டேங்க் நிரம்பினால் மோட்டார் நின்றுவிடும்

எப்பவும் சோர்வா இருக்கா? காலையில எழுந்திருக்கவே மனசு வரலையா? படிப்புல கவனம் நிக்கலையா? எரிச்சல், தொப்பை? எல்லாத்துக்கும் 'ஆமாம்' என்றால் உங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று ரீல்ஸில் ஒருத்தர் சொல்லுவார். செமஸ்டர் மாதத்தில் நம்ம ஹாஸ்டலில் யாரைக் கேட்டாலும் எல்லாத்துக்கும் ஆமாம்தான். அரியர் வச்சிருக்கவன் ரெண்டு தடவை சொல்லுவான்.

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்லை. பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரில் 'ஆண்மைக் குறைவா?' என்று ஒட்டியிருக்கும் நோட்டீஸும், மாதம் ஒரு நாள் லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் வைத்தியரும் விற்றது இதே பயத்தைத்தான். இப்போ லேகியத்துக்குப் பதிலா ஜிம்மில் ஒரு சின்னக் குப்பி. இதில் நடக்கிற கொடுமை என்னன்னா, நிஜமாகவே இந்த ஹார்மோன் குறைவாக இருக்கிற பையன் வெட்கப்பட்டு டாக்டரிடமே போகமாட்டான். ஒரு குறையும் இல்லாதவன் ஊசி போட்டுக்குவான். ரெண்டு பேருமே நம்ம கிளாஸில் இருக்கலாம்.

முதலில் உடம்பு இதை எப்படித் தயாரிக்குதுன்னு பார்த்துடுவோம். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்குச் சுலபம். மத்தவங்க வீட்டு மொட்டை மாடித் தண்ணி டேங்க்கை நினைச்சுக்கோங்க. தண்ணி குறைஞ்சா சென்சார் சொல்லும், மோட்டார் ஓடும். நிரம்பினா நிற்கும். உடம்பில் அந்த சென்சார் வேலையைப் பார்ப்பது மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ். அது விட்டுவிட்டு ஒரு சிக்னலை பிட்யூட்டரி சுரப்பிக்கு அனுப்பும். பிட்யூட்டரி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடும். எல்.எச். போய் விரைகளில் உள்ள லேடிக் செல்களைத் தட்டி எழுப்பும். அவை டெஸ்டோஸ்டிரோன் தயாரிக்கும். எஃப்.எஸ்.எச். விந்தணு உற்பத்திக்குத் துணை நிற்கும். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவு ஏறியதும் மேலே இருக்கும் ரெண்டும் சிக்னலைக் குறைச்சுடும். சுத்தமான நெகட்டிவ் ஃபீட்பேக்.

இப்போ லாரித் தண்ணி வாங்கி அந்த டேங்க்கில் ஊத்துங்க. டேங்க் நிறைஞ்சிருக்கு, மோட்டார் நின்னுடும். வந்தது லாரித் தண்ணியா கிணத்துத் தண்ணியான்னு சென்சாருக்குத் தெரியாது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் நடப்பது இதுதான். எல்.எச்., எஃப்.எஸ்.எச். ரெண்டும் தரைமட்டத்துக்கு இறங்கும். விரைகள் சொந்த உற்பத்தியை நிறுத்தும், போகப்போகச் சுருங்கவும் செய்யும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. விந்தணு உருவாக, விரைக்குள்ளே டெஸ்டோஸ்டிரோன் அளவு ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கணும். கிணத்தடி வாழை மாதிரி. மோட்டார் ஓடும்போது அங்கேயே கசியுற தண்ணியில்தான் அது வளருது. மாடி டேங்க் தளும்பினாலும் மோட்டார் ஓடலைன்னா வாழை காயும். அதனால் ஊசி போட்ட ஆளைப் பார்த்தால் தசையும் தாடியுமா கம்பீரமா இருப்பான். விந்தணு எண்ணிக்கை மட்டும் சரிஞ்சிருக்கும்.

மிகைன்னு நினைச்சா இதைக் கேளுங்க. உலக சுகாதார நிறுவனம் டெஸ்டோஸ்டிரோனை ஆண்களுக்கான கருத்தடை ஊசியாகவே சோதிச்சுப் பார்த்திருக்கு. 7 நாடுகளில் 271 ஆரோக்கியமான ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எனாந்தேட் போட்டார்கள். 1990ல் முடிவு வெளியானது. அவர்களில் 157 பேருக்கு விந்தணு ஒன்றுகூட இல்லாத நிலை வந்தது. ஊசியை நிறுத்தியபின் எண்ணிக்கை திரும்பும், ஆனால் அதுக்கு மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலேயும் போகும். ஜிம்மில் 'சைக்கிள்' என்று போடும் அளவு பல சமயம் இந்த 200ஐ விட அதிகம். 'ஆண்மை ஊசி' என்று காதோரம் விற்கப்படும் சரக்கு, ஆய்வகத்தில் கருத்தடை மருந்தா பாஸ் மார்க் வாங்கினது!

அப்போ யாருக்குத்தான் இது மருந்து? மோட்டாரோ கன்ட்ரோலரோ நிஜமாகவே பழுதானவங்களுக்கு. மோட்டார் பழுதுக்கு முக்கிய உதாரணம் கிளைன்ஃபெல்டர் நிலை. ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும், எக்ஸ்.ஒய்.க்குப் பதில் எக்ஸ்.எக்ஸ்.ஒய். பிறக்கும் ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 500 முதல் 1000 பேருக்கு ஒருவர். நம்ம காலேஜ் தலைக்கட்டைக் கணக்குப் போட்டா ஓரிருவர் இருந்தாலும் ஆச்சரியமில்லை. சின்ன விரைகள், குறைவான தாடி, நெடுநெடுன்னு உயரம், சிலருக்கு மார்பு பெருத்தல். பலருக்குக் கல்யாணமாகி குழந்தை இல்லைன்னு போகும்போதுதான் தெரியவருது. பொன்னுக்குவீங்கி விரையைத் தாக்கினவங்க, சின்ன வயசில் விரை கீழே இறங்காதவங்க, கீமோதெரபி எடுத்தவங்களுக்கும் குறைவு வரலாம். கன்ட்ரோலர் பக்கம் என்றால் பிட்யூட்டரியில் கட்டி (பெரும்பாலும் புற்றுநோய் இல்லை), அல்லது பிறவியிலேயே வரும் கால்மன் நிலை. இதில் ஒரு விசித்திரமான அடையாளம் உண்டு: மல்லிப்பூ வாசனையும் தெரியாது, பருவமும் வராது. 18 வயசாகியும் குரல் உடையாத, மீசை அரும்பாத பையனை நாம 'பால்வாடி' என்று கூப்பிட்டுச் சிரிக்கிறோமே, அவனுக்குத் தேவை ஒரு ரத்தப் பரிசோதனையாக இருக்கலாம். அவனை அப்படியே விட்டால் எலும்பும் வலுவிழக்கும். சரியான சிகிச்சை கிடைச்சா குரல், தாடி, தசை, எலும்பு எல்லாம் தாமதமாவாவது வரும். இந்த மருந்தின் உண்மையான பெருமை அங்கேதான் இருக்கு.

டாக்டர்கள் கவனிக்கும் அறிகுறிகளும் ரீல்ஸ் பட்டியலும் வேற வேற. பாலியல் நாட்டம் குறைவது, காலையில் தானாக வரும் விறைப்பு நின்னுபோவது, தாடியும் உடல் முடியும் குறைவது, மார்பு வீங்குவது. வெறும் சோர்வை வச்சு யாரும் முடிவு பண்ணமாட்டாங்க, பண்ணவும் கூடாது. சோர்வுக்கு ரத்தசோகை, தைராய்டு, மன அழுத்தம் என்று வேறு காரணங்கள் வரிசையில் நிக்குது.

பரிசோதனையில்தான் நிறையப் பேர் ஏமாறுறாங்க. டெஸ்டோஸ்டிரோன் நம்ம வயசில் காலையில் உச்சத்தில் இருக்கும், சாயங்காலம் இறங்கிடும். கிளாஸ் முடிஞ்சு டீ, பஜ்ஜி சாப்பிட்டுட்டு 5 மணிக்கு லேபில் ரத்தம் கொடுத்தால் குறைவாத்தான் காட்டும். காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், காய்ச்சல் எதுவும் இல்லாத நாளில் கொடுக்கணும். குறைவா வந்தா இன்னொரு நாள் காலையில் மறுபடி. அமெரிக்க யூராலஜி சங்கம் டெசிலிட்டருக்கு 300 நானோகிராம் என்று கோடு போட்டிருக்கு. இரண்டு முறையும் அதற்குக் கீழே இருந்து, கூடவே அறிகுறியும் இருந்தால்தான் குறைபாடு. முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை சாப்பிடுறவங்க அதை முன்கூட்டியே சொல்லிடுங்க. சில லேப் கருவிகளில் அது அளவைத் தப்பாகக் காட்டும். உடல் எடை அதிகமா இருந்தாலும் கவனம் தேவை. ரத்தத்தில் இந்த ஹார்மோனைச் சுமக்கும் ஒரு புரதம் அவங்களுக்குக் குறைவா இருக்கும். அதனால் மொத்த அளவு குறைவாகத் தெரிந்தாலும் வேலை செய்யும் பகுதி சரியாகவே இருக்கலாம்.

குறைவு உறுதியானா அடுத்தது எல்.எச். அளவு. நம்ம லேப்ல பண்ற ஃபால்ட் ஃபைண்டிங்தான். டெஸ்டோஸ்டிரோன் குறைவு, எல்.எச். அதிகம் என்றால் மேலிருந்து கத்துறாங்க, மோட்டார்தான் எழுந்திருக்கலை. எல்.எச்.சும் குறைவு என்றால் கோளாறு மேலே. புரோலாக்டின் பார்ப்பாங்க, தேவைப்பட்டா பிட்யூட்டரிக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பாங்க. இந்த ஒரு டெஸ்ட்டைப் பார்க்காமலே ஊசி எழுதித் தர்றவரிடமிருந்து நடையைக் கட்டுங்க.

ஒருவேளை குறைவுக்குக் காரணம் உங்க கட்டிலாகவும் இருக்கலாம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 10 ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு 5 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைஞ்சுபோச்சு. 2011ல் வந்த ஆய்வு இது. நம்ம ஹாஸ்டலில் 5 மணி நேரத் தூக்கம் என்பது ஞாயிற்றுக்கிழமை சலுகை!

சிகிச்சைன்னு முடிவானா ரெண்டு முக்கிய வழி. தினமும் தோளில் தடவும் ஜெல் ஒன்று. அளவு சீராக இருக்கும், ஆனால் தடவின இடம் குழந்தைகள், பெண்கள் மேல படக்கூடாது. மருந்து அவங்க தோலிலும் ஏறிடும். இன்னொன்று ஊசி. சில ஊசிகளில் போட்ட சில நாளில் அளவு உச்சம், அடுத்த ஊசிக்குள் பள்ளம். ஆசிலோஸ்கோப்பில் பார்க்கிற ரம்பப் பல் அலைதான். மனநிலையும் அதோட ஏறி இறங்குவதாகப் பலர் சொல்வாங்க. அன்டெகனோயேட் 1000 மில்லிகிராம் ஊசி மெதுவாகக் கரையும். இரண்டாவது ஊசி 6 வாரத்தில், அப்புறம் 10 முதல் 14 வாரத்துக்கு ஒன்று. எதுவாக இருந்தாலும் ரத்தம் கெட்டியாகுதான்னு பார்த்துக்கிட்டே இருக்கணும். ஹெமட்டோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்துவாங்க. 45 முதல் 80 வயது வரையிலான, இதயநோய் உள்ள அல்லது அதற்கான ஆபத்து உள்ள 5,200 பேரை வைத்து நடந்த டிராவர்ஸ் ஆய்வு 2023ல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் ரத்தக்கட்டியும் சற்றுக் கூடுதலாக இருந்தது. அந்தப் பாதி நல்ல செய்தியை 20 வயசுப் பையனுக்கு, அதுவும் ஜிம் அளவுக்கு, நீட்டிச் சொல்லமுடியாது.

பின்னால் குழந்தை வேணும்னு நினைக்கிறவங்க அதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லணும். கன்ட்ரோலர் பழுதுக்கு எச்.சி.ஜி. ஊசி, குளோமிஃபீன் மாத்திரை போன்றவை உண்டு. அவை லாரித் தண்ணி இல்லை, நின்ன மோட்டாரையே ஓட்டுற வழி.

ஏற்கெனவே ஜிம்மில் போட்டுக்கிட்டவங்க இதைப் படிச்சா, ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. நிறுத்தினதும் வர்ற சோர்வு, மனச்சோர்வு, நாட்டமின்மை எல்லாம் மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கும் வரைக்கும் உள்ள இடைவெளி. 'பார்த்தியா, உனக்குக் குறைவுதான்' என்று அடுத்த குப்பியை நீட்டுவாங்க. வாங்காதீங்க. ஊசியைப் பகிர்ந்திருந்தால் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பரிசோதனையும் செய்யணும்.

போகவேண்டியது எண்டோகிரைனாலஜிஸ்ட் கிட்ட. வேலூர் சி.எம்.சி.யிலும் சென்னை, மதுரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் தனிப் பிரிவே இருக்கு. என்ன மருந்து, எவ்வளவு, கடைசியா எப்போன்னு ஒரு தாளில் எழுதிக்கிட்டுப் போங்க. அவர் திட்டுறதுக்காகக் கேட்கலை, ரிப்போர்ட்டைப் புரிஞ்சுக்கக் கேட்கிறார். விரையின் அளவையும் பார்ப்பார். அதுக்கு ஆர்க்கிடோமீட்டர்னு ஒரு கருவி இருக்கு: 1 மில்லி முதல் 25 மில்லி வரை அளவு போட்ட முட்டை வடிவ மணிகள், ஒரே நூலில் ஜபமாலை மாதிரி கோத்திருக்கும். அதைப் பார்த்துச் சிரிப்பு வந்தா தாராளமா சிரிக்கலாம், டாக்டருக்குப் பழகியிருக்கும்.