பொன்னுக்கு அடியில் ஒரு தவம்

பூஜை அறையில் வெண்ணெய்க் கிருஷ்ணனாகவும் பட்டாபிஷேக ராமனாகவும் ஒளி வீசும் தஞ்சாவூர் ஓவியத்தைத் தரிசிப்போரின் கண்கள், தங்க ரேக்கிலும் கற்களிலுமே லயித்துவிடுகின்றன. அவற்றைத் தாங்கும் தளத்தை நினைப்போர் அரிது. ஆயினும், இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832) உள்ளிட்ட மராட்டியர் ஆதரவில் தழைத்த இக்கலைக்குப் ‘பலகைப் படம்’ என்றே பெயர் வழங்கியது.

வாசலைத் தெளித்து மெழுகிய பிறகே கோலம் இடுவது போல, பலகையைப் பக்குவப்படுத்திய பிறகே இங்கே தெய்வ உருவம் எழுதப்படும்.

அந்நாளில் பலா மரப் பலகை. இன்று பெரும்பாலும் ஒட்டுப்பலகை. அதன்மீது முதலில் வெள்ளைத் துணி ஒட்டப்படும். புளியங்கொட்டையை ஊறவைத்து, அரைத்து, கூழாகக் காய்ச்சிய பசையே மரபில் இதற்கு உதவியது. பசை தடவிய துணியை நடுவிலிருந்து ஓரம்வரை உள்ளங்கையால் நீவுவார்கள். அடியில் காற்றுக்குமிழி சிக்கியிருந்தால், கண்ணுக்கு முன்பே கை அதனை அறிந்துவிடும்.

அடுத்து, சுண்ணக்கல் பொடியைப் பிசினுடன் குழைத்துப் பூசுவார்கள். ஈரம் இருக்கும்வரை தளம் தொட்டால் குளிரும். அக்குளிர்ச்சி முற்றிலும் நீங்கிய பிறகே மறுபூச்சு. அவசரப்பட்டால் தளம் வெடிக்கும். பல பூச்சுகள் காய்ந்தபின் வழவழப்பான கல்லாலோ உப்புத்தாளாலோ தேய்ப்பார்கள். முதலில் ‘சரசர’வென்று எழும் ஓசை மெல்லத் தேய்ந்து அடங்கும், வெண்துகள் விரல்களில் மாவாகப் படியும். கண்ணை மூடி வருடினாலும் துணியின் இழை தட்டுப்படாத நிலையே, கோடு இழுக்கத் தக்க பக்குவம்.

இத்தனை பொறுமையுடன் அமைந்த தளத்துக்கு நீரே பகை. பிசின் ஈரத்தில் இளகும். இளகினால் பொன்னும் வண்ணமும் பெயரும். ஆகவே, பண்டிகை நாளில் படங்களைத் துடைக்கும்போது ஈரத்துணியைத் தவிர்த்து, கண்ணாடியை உலர்ந்த மென்துணியால் துடைத்தலே நன்று. ஓதம் ஏறும் சுவரில் மாட்டுவதும், விளக்கின் சூடும் புகையும் படுமாறு வைப்பதும் கூடாது. சில்லு பெயர்ந்தால் வீட்டிலேயே ஒட்ட முயலாமல், அதனைக் காகிதத்தில் பத்திரப்படுத்தி, கைதேர்ந்த ஓவியரிடம் காட்டவேண்டும்.

முன்னோர் கைகூப்பி வணங்கிய மூர்த்தியைப் பேரப்பிள்ளைகளும் தரிசிக்க, இந்தச் சிறு கவனமே போதுமானது.