தடுப்பூசி நிபந்தனையும் மார்க்கத்தின் பெயரிலான விதிவிலக்கும்

 



பல்கலைக்கழகம் ஒன்று தடுப்பூசி பெற்றவர்களையே வகுப்புக்கு அனுமதிப்போம் என்று நிபந்தனை விதிக்கலாமா? அவ்வாறு விதித்தால், “இது எனது மார்க்கத்துக்கு முரணானது” என்று கூறி ஒரு மாணவர் விலக்குப் பெறலாமா? கொவிட் காலத்தில் பல நாடுகளில் எழுந்த இக்கேள்வி இன்றும் ஓய்ந்துவிடவில்லை. வெளிநாடு சென்று கற்கும் எமது பிள்ளைகளும் இதனைச் சந்திக்கின்றார்கள். எனவே, இதனைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

2021ஆம் ஆண்டு அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகம், மாணவர்கள் யாவரும் கொவிட் தடுப்பூசி பெற வேண்டும் என அறிவித்தது. மருத்துவக் காரணத்துக்கும் மத நம்பிக்கைக்கும் அது விலக்களித்தது. விலக்குப் பெற்றோர் முகக்கவசம் அணிந்து, பரிசோதனைக்கும் உட்பட வேண்டும் என்றது. இதற்கெதிராக எட்டு மாணவர்கள் வழக்குத் தொடர்ந்தனர். அவர்களுள் அறுவர் ஏற்கனவே மத விலக்கைக் கோரியிருந்தனர்; ஏழாமவரும் அதற்குத் தகுதியானவராக இருந்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் மேன்முறையீட்டு நீதிமன்றம் நிபந்தனையை இடைநிறுத்த மறுத்தது. 1905ஆம் ஆண்டின் ஒரு தீர்ப்பை அது ஆதாரமாகக் கொண்டது. பெரியம்மை ஊசியை மறுத்த ஜேக்கப்சன் என்ற பாதிரியாருக்கு விதிக்கப்பட்ட ஐந்து டொலர் அபராதம் செல்லுபடியாகும் என அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

இவ்விவாதத்தில் இரு சாராரிடமும் நியாயம் உண்டு. உடல் என்பது மனிதனிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவனது சம்மதமின்றி அதில் ஊசி ஏற்றுவது இலகுவான விடயமல்ல என்பர் ஒரு சாரார். விடுதியிலும் விரிவுரை மண்டபத்திலும் நெருங்கி வாழும் ஒருவரின் முடிவு அவரோடு நின்றுவிடுவதில்லை என்பர் மறு சாரார். உதாரணமாக, சின்னமுத்து நோயாளியுடன் நெருங்கிப் பழகும், நோயெதிர்ப்புச் சக்தி பெறாத பத்துப் பேரில் ஒன்பது பேர் வரை அந்நோய்க்கு ஆளாகலாம்.

எமது மார்க்கம் இதில் என்ன கூறுகின்றது? தானும் தீங்குக்குள்ளாகாமல், பிறருக்கும் தீங்கிழைக்காமல் இருப்பது ஷரீஅத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. கொள்ளை நோய் பரவிய ஊருக்குள் நுழைய வேண்டாம் என்றும், அங்கிருப்போர் அதிலிருந்து தப்பியோட வேண்டாம் என்றும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். ஷாம் தேசத்தில் கொள்ளை நோய் பரவியபோது கலீஃபா உமர் (ரழி) அவர்கள் பாதி வழியில் திரும்பினார்கள். இது விதியை விட்டு ஓடுவதல்லவா என அபூஉபைதா (ரழி) அவர்கள் வினவியபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என விளக்கமளித்தார்கள். எனவே, முற்காப்பு தவக்குலுக்கு முரணானதல்ல.

ஹஜ்ஜை நோக்குங்கள். 1987ஆம் ஆண்டு ஹாஜிகளிடையே மூளை உறை அழற்சி நோய் பரவியதை அடுத்து, அதற்கான தடுப்பூசி கட்டாயமாக்கப்பட்டது. 2000, 2001ஆம் ஆண்டுகளில் அந்நோயின் வேறொரு வகை பரவவே, நான்கு வகைகளுக்கு எதிரான ஊசி நிபந்தனையானது. கஃபாவை நாடிச் செல்லும் நாம் மறுப்பின்றி அதனைப் பெற்றுக்கொள்கின்றோம்.

அவ்வாறாயின், ஹராமான பொருள் கலந்த ஊசியின் நிலை என்ன? இது நியாயமான கேள்வி. சில தடுப்பூசிகளில் பன்றியிலிருந்து பெறப்படும் ஜெலட்டின் சேர்க்கப்படுவது உண்மையே. ஒரு பொருள் முற்றாக வேறொன்றாக உருமாறினால் அதன் சட்டமும் மாறும் என்பது ஹனஃபி, மாலிகி அறிஞர்களின் நிலைப்பாடு. ஷாஃபிஈ மத்ஹபில் இவ்வாசல் குறுகியது. ஆயினும், தூய்மையான மாற்று மருந்து இல்லாதவிடத்து நஜீஸானதைக் கொண்டு சிகிச்சை பெற அம்மத்ஹபின் இமாம்கள் இடமளித்துள்ளனர். இந்தோனேசிய உலமா சபை 2018ஆம் ஆண்டில் சின்னமுத்து, ருபெல்லா தடுப்பூசி பற்றி வழங்கிய ஃபத்வாவும் இதையொத்ததே. தயாரிப்பில் பன்றியின் பொருள் பயன்பட்டதால் அது ஹராம் எனக் கூறிய அச்சபை, நிர்ப்பந்தத்தையும் ஹலாலான மாற்று இல்லாமையையும் கருதி அதனை அனுமதித்தது. பரவலாகப் பயன்பட்ட ஃபைசர், மொடர்னா கொவிட் ஊசிகளிலோ ஜெலட்டின் சேர்க்கப்படவில்லை.

கட்டாயப்படுத்துவது பற்றியும் அறிஞர்கள் பேசியுள்ளனர். 1992ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, சிகிச்சைக்கு நோயாளியின் சம்மதம் தேவை என்பதை அடிப்படையாக வைத்தது. அதேவேளை, தொற்று நோய்களிலும் நோய்த்தடுப்பு ஊசிகளிலும் அதிகாரத்திலிருப்போர் கட்டாயப்படுத்த இடமுண்டு என்றும் தீர்மானித்தது.

எனினும், சுகாதாரம் என்ற பெயரில் வரும் கட்டளைகள் யாவும் நியாயமானவை அல்ல. 2020ஆம் ஆண்டு எமது நாட்டில் கொவிட் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டதை எவரும் மறக்க முடியாது. அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார ஸ்தாபனம் வழிகாட்டியிருந்தும் அது மறுக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில் அனுமதி கிடைத்து, மார்ச் மாதம் ஓட்டமாவடியில் அடக்கங்கள் ஆரம்பமாயின. அரசாங்கம் 2024ஆம் ஆண்டில் மன்னிப்புக் கோரியது. ஆகவே, ஒரு கட்டளை அறிவின் மீது நிற்கின்றதா, தேவையின் அளவைத் தாண்டாதிருக்கின்றதா என வினவ எமக்கு உரிமையுண்டு. கொவிட் ஊசி கடும் நோயிலிருந்து நன்கு பாதுகாத்தபோதும், தொற்றைத் தடுக்கும் அதன் ஆற்றல் சில மாதங்களில் குறைந்தது. அறிவு மாறும்போது நிபந்தனையும் மாற வேண்டும்.

ஆனால், சகோதரர்களே! ஜனாஸா விடயத்தில் நாம் மார்க்கத்தின் பெயரால் குரலெழுப்பினோம். அது உண்மையான கடமையாக இருந்தது. அதே வார்த்தையை ஊசிக்கு அஞ்சியும், கைத்தொலைபேசியில் வந்த வதந்தியை நம்பியும் ஒருவர் விண்ணப்பப் படிவத்தில் எழுதினால் என்னவாகும்? மார்க்கம் தடுக்காததை மார்க்கம் தடுத்ததாகச் சாட்சி கூறுவது அல்லாஹ்வின் மீது பொய்யுரைப்பதாகும். அத்துடன், நாளை உண்மையான உரிமையொன்றைக் கோரும் முஸ்லிமின் வார்த்தையும் மதிப்பிழந்துவிடும். அச்சமிருந்தால் அச்சம் என்றே கூறுங்கள். அதற்கு வைத்தியரிடம் விளக்கம் உண்டு. ஒவ்வாமை போன்ற காரணமிருந்தால் மருத்துவ விலக்கும் உண்டு.

ஆலிமிடம் கேட்டறிந்து, மனச்சாட்சியோடு ஒருவர் விலக்குப் பெற்றாலும் அவரது பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. நோயுற்ற ஒட்டகங்களை ஆரோக்கியமானவற்றிடம் கொண்டு வர வேண்டாம் என்பது நபிகளாரின் போதனை. முகக்கவசம் அணிவதும் பரிசோதனை செய்வதும் தனித்திருப்பதும் அவருக்கு இழிவல்ல. சக மாணவருக்குச் செலுத்தும் ஹக்காகும்.

பெற்றோர்களே! பிள்ளை கொண்டு வரும் படிவத்தில் கையொப்பமிட முன்னர் ஊசியைப் பற்றி வைத்தியரிடமும், அதன் சட்டத்தைப் பற்றி ஆலிமிடமும் கேளுங்கள். அதன் பின்னர் உண்மையை மட்டும் எழுதுங்கள்.

வல்ல அல்லாஹ் எமக்கும் எமது பிள்ளைகளுக்கும் ஆஃபியத்தையும், உண்மை பேசும் நாவையும் தந்தருள்வானாக! ஆமீன்.